வயிற்றைத் தூய்மை செய்தல்: ஆயுர்வேதம் சொல்வதும் நாம் செய்வதும்

எங்கள் இரைப்பை, குடல் நோய்ப் பிரிவுக்கு அஞ்செட்டி, உரிகம், நாட்ராம்பாளையம், தேன்கனிக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வருவோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "வயிறு சுத்தமாவதற்கு ஏதேனும் மருந்து உண்டா?" சிலர் கேட்பதற்கு முன்பே வீட்டில் விளக்கெண்ணெய் குடித்திருப்பார்கள். வேறு சிலர் சந்தையில் பொட்டலமாக விற்கும் சூரணத்தை மாதக்கணக்கில் உண்டிருப்பார்கள். மாதம் ஒருமுறை குழந்தைக்குப் பேதிக்குக் கொடுப்பதைக் கடமையாகக் கருதும் பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர்.

"ஆயுர்வேதமே சொல்லியிருக்கிறதே, பிறகு ஏன் தடுக்கிறீர்கள்?" என்பது அவர்களின் அடுத்த கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது, அதில் இன்றைய மருத்துவம் ஏற்பது எது, ஏற்காதது எது, வீட்டில் செய்யத்தக்கது எது, செய்யக்கூடாதது எது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

செரிமானத் தீயும் செரியாத எச்சமும்

ஆயுர்வேதம் செரிமானத்தை 'அக்னி' என்ற கருத்தைக் கொண்டு விளக்குகிறது. உண்ட உணவை உடலுக்கு உரியதாக மாற்றும் ஆற்றலே அக்னி. அது நான்கு வகைப்படும். உரிய நேரத்தில் உரிய அளவு செரிப்பது சமம். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது விஷமம். அளவுக்கு மீறிப் பசிப்பது தீட்சணம். சிறிதளவு உண்டாலும் செரியாமல் கனப்பது மந்தம். நம் வீடுகளில் இன்றும் "வயிறு மந்தமாக இருக்கிறது" என்று சொல்கிறோம். அந்தச் சொல் இந்த வகைப்பாட்டிலும் உள்ளது.

அக்னி மந்தமாகும்போது உணவு முழுமையாகச் செரியாமல் தங்கும் எச்சத்தை 'ஆமம்' என்கின்றனர். பல நோய்களுக்கு ஆமமே தொடக்கம் என்பது ஆயுர்வேத நூல்களின் கருத்து. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஆமத்துக்கு அந்நூல்கள் முதலில் சொல்லும் மருந்து பேதி அன்று. பசித்த பின் உண்பது, எளிய உணவு, வெந்நீர், சுக்கு போன்ற செரிப்புப் பொருள்கள் ஆகியவையே முதற்படி. ஆமம் செரியாத நிலையில் பேதி கொடுத்தால் தீங்கு விளையும் என்றும் அவை எச்சரிக்கின்றன.

பேதிக்கு முன்னும் பின்னும்

பேதியாக வெளியேற்றும் முறையை ஆயுர்வேதத்தில் 'விரேசனம்' என்பர். 'பஞ்சகர்மம்' எனப்படும் ஐந்து தூய்மைச் செயல்களில் அது ஒன்று. வாந்தி, குடல்வழி மருந்து, மூக்குவழி மருந்து ஆகியனவும் அவற்றுள் அடங்கும். விரேசனம் ஒரே நாளில் முடியும் வேலை அன்று. முதலில் செரிமானத்தைச் சீர்செய்ய வேண்டும். பின்னர் 3 முதல் 7 நாள்கள் வரை மருந்திட்ட நெய்யை அளவாக உட்கொள்ளச் செய்து, எண்ணெய் தேய்த்து, வியர்வை வரச் செய்வர். இடையில் சில நாள்கள் ஓய்வளித்த பிறகே பேதி மருந்து கொடுப்பர்.

பேதிக்குப் பிந்திய நாள்களும் அதே அளவு முக்கியமானவை. நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு பயற்றுச் சாறு, பிறகே வழக்கமான சோறு என்று 3 முதல் 7 நாள்கள் வரை படிப்படியாக உணவைக் கூட்டுவர். நாள்பட்ட காய்ச்சலுக்குப் பின் நம் வீடுகளில் முதலில் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் இதே அறிவின் வழி வந்ததே.

யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் அந்நூல்களில் இடம்பெற்றுள்ளது. குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், மிகவும் மெலிந்தவர்கள், புதிதாகக் காய்ச்சல் கண்டவர்கள் ஆகியோருக்குத் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றின் பொதுவான கட்டளை. இவை எதையும் பாராமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் குடித்துவிட்டு, மதியம் கோழிக்குழம்பும் சோறும் உண்பதற்கு ஆயுர்வேதம் பொறுப்பன்று.

சித்த மருத்துவ மரபையும் இங்கே குறிப்பிட வேண்டும். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பேதி மருந்தும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் கொள்ள வேண்டும் என்பது தேரையர் பெயரில் வழங்கும் விதி. நம் பாட்டிமாரின் வழக்கம் இந்த மரபின் நினைவாக இருக்கலாம். ஆனால் அந்த விதி எழுந்த காலத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் இல்லை, நீரிழிவு மாத்திரையும் இல்லை. இன்று அவற்றை உண்டுகொண்டே அதே விதியைப் பின்பற்றுவது வேறு செயல்.

குடலில் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

"ஆண்டுக்கணக்கான அழுக்கு குடலில் ஒட்டியிருக்கிறது" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நாங்கள் உள்நோக்குக் கருவி வழியாகக் குடலை நேரில் பார்க்கிறோம். அப்படி ஓர் அழுக்குப் படலத்தை நாங்கள் கண்டதில்லை. குடலின் உட்புற மேல்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பழைய அணுக்கள் உதிர்ந்து மலத்தோடு வெளியேறுகின்றன. இரத்தத்தில் கலக்கும் கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இரவும் பகலும் அகற்றுகின்றன. பேதி மருந்து அந்த வேலையைச் செய்வதில்லை.

இந்தத் தவறான எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலால் உடல் நஞ்சாகிறது என்று நம்பிப் பலருடைய பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்தக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. 1922-இல் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர் சிலரைச் சில நாள்கள் மலம் கழிக்காமல் இருக்கச் செய்தார். தலைவலி, சோர்வு, மந்தம் எல்லாம் வந்தன. பிறகு அவர் மலக்குடலில் வெறும் பஞ்சை வைத்துப் பார்த்தபோதும் அதே தொல்லைகள் தோன்றின. பஞ்சில் நஞ்சு ஏது? மலக்குடல் விரிந்து நிற்பதே தொல்லைக்குக் காரணம் என்பது இதனால் புலப்பட்டது. வயிறு கழிந்தவுடன் தலை தெளிவதும் உடல் இலேசாவதும் உண்மையே. அந்த விரிவு நீங்கியதே அதற்குக் காரணம்.

நாங்களும் குடலைத் தூய்மை செய்கின்றோம். பெருங்குடல் உள்நோக்குச் சோதனைக்கு முந்தின நாள், உப்புச்சத்துகள் சேர்த்த கரைசலை அளந்து குடிக்கச் சொல்கின்றோம். கருவிக்குக் குடற்சுவர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது. நோய் தீர்ப்பதற்காக அன்று. அதற்கு முன்பும் உங்கள் மருந்துகளையும் சிறுநீரக நிலையையும் கேட்டறிந்த பின்னரே கரைசலைத் தருகின்றோம்.

பேதியால் வரும் சுழல்

நாள்தோறும் காலையில் மலம் கழியாவிட்டால் நோய் என்று பலரும் அஞ்சுகின்றனர். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பே. மலம் இறுகாமல், முக்காமல், வலியின்றிக் கழிந்தால் போதும்.

பேதி மருந்து உண்டவருக்கு ஒரே நாளில் குடல் முழுவதும் காலியாகிறது. மீண்டும் நிறைய இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். அந்த நாள்களில் மலம் வராதது இயற்கையே. ஆனால் அவர் அதை மலச்சிக்கல் என்று எண்ணி மறுபடியும் மருந்து உண்கிறார். மறுபடியும் குடல் காலியாகிறது. சில மாதங்களில் மருந்தின்றி மலம் கழியாது என்ற நம்பிக்கை உறுதிப்பட்டுவிடுகிறது. எங்களிடம் வரும் நாள்பட்ட மலச்சிக்கல்காரர்களில் சிலருக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தச் சுழலை விளக்கி மருந்தை மெல்லக் குறைப்பதே.

பேதி மருந்து எப்போது உயிருக்கு ஆபத்து?

முதலாவது, காரணம் தெரியாத வயிற்றுவலி. குடல்வால் அழற்சியோ குடல் அடைப்போ உள்ளவருக்குப் பேதி மருந்து கொடுத்தால் குடல் வேகமாகச் சுருங்கி, அழுகிய இடத்தில் துளை விழ நேரலாம். "வயிற்றில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, கழிந்தால் சரியாகும்" என்று விளக்கெண்ணெய் கொடுத்து, மறுநாள் வயிறு பலகைபோல் இறுகிய நிலையில் அழைத்து வரப்பட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கின்றோம். மலைச்சாலையும் இரவில் யானை நடமாட்டமும் உள்ள பகுதியில் ஓர் இரவு தாமதம் என்பது சிறிய செய்தியன்று. வலியோடு வாந்தி, காய்ச்சல், வயிறு உப்புதல், காற்றுப் பிரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எதையும் கொடுக்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, நீரும் உப்பும் இழத்தல். பலமுறை கழிந்தால் உடலின் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். நீர் பிரியும் மாத்திரை உண்ணும் இரத்த அழுத்த நோயாளர், இதய நோயாளர், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு இது மிகவும் ஆபத்தானது. நீரிழிவு நோயாளர் பேதிக்காகப் பட்டினி கிடந்து மாத்திரையை மட்டும் உண்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழுவார்.

மூன்றாவது, குழந்தைகளும் கருவுற்ற பெண்களும். சிறு குழந்தையின் உடல் மிகக் குறைந்த நீரிழப்பையும் தாங்காது. பூச்சி விழுவதற்காகவே விளக்கெண்ணெய் கொடுக்கிறோம் என்று பெற்றோர் சொல்கின்றனர். விளக்கெண்ணெய் பூச்சியைக் கொல்வதில்லை. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை மாத்திரையான 200 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்டோருக்கு ஒரு மாத்திரையான 400 மில்லிகிராமும் போதும். கருவுற்ற பெண்களுக்கு விளக்கெண்ணெய் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கொடுக்கவே கூடாது.

நான்காவது, பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்து. நிலவாரை இலை பெருங்குடலைத் தூண்டுவது. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகெங்கும் போகும் அந்த இலையின் சத்தை நாங்களும் மாத்திரையாகக் குறுகிய காலத்துக்குத் தருகின்றோம். ஆனால் நேர்வாளம் கடும் நஞ்சு. முறையாகச் சுத்தி செய்யப்படாத நேர்வாள விதை உயிரையே பறிக்கும். இரண்டும் பொடியானபின் சந்தையில் வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது.

பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் பற்றியும் கவனம் தேவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில் 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காணப்பட்டன. ஈயம் உடலில் சேர்ந்தால் தோன்றும் முதல் தொல்லைகளில் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் அடங்கும். வயிற்றுக்காக உண்ட மருந்தே வயிற்றுநோயைத் தரலாம் என்பது இதன் பொருள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகிய மூன்றும் அச்சிடப்படாத எந்த மருந்தையும் வாங்க வேண்டாம். பஸ்மம், செந்தூரம் போன்றவற்றைப் பட்டம் பெற்றுப் பதிவு செய்த ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே உண்ண வேண்டும்.

இரு மருத்துவமும் ஒத்துச் சொல்பவை

நல்ல செய்தி என்னவெனில், நாள்தோறும் செரிமானம் சீராக இருப்பதற்கு ஆயுர்வேதம் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பாலானவற்றை நாங்களும் மனமுவந்து சொல்கின்றோம்.

அளவு: வயிற்றின் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீருணவு, ஒரு பங்கு வெற்றிடம் என்று வாக்படரின் அஷ்டாங்க இருதயம் வகுக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு நாங்கள் தரும் முதல் அறிவுரையும் இதுவே. முன் உண்டது செரித்த பின் உண்ண வேண்டும் என்பதைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் வலியுறுத்துகிறது.

அடக்காமை: மலம், சிறுநீர், பசி, தாகம், உறக்கம் உள்ளிட்ட 13 இயற்கை வேகங்களை அடக்கக்கூடாது என்பதற்குச் சரக சம்கிதை தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளது. விடியுமுன் பேருந்தைப் பிடித்து ஓசூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர்கள் எங்களிடம் வருகின்றனர். காலையில் நேரமில்லை. வேலையிடத்தில் வரிசையை விட்டு நகரத் தயக்கம். அடக்கி அடக்கி, மலக்குடல் உணர்வையே இழந்துவிடுகிறது. இவர்களுக்குத் தேவை பேதி மருந்து அன்று, கால் மணி நேரம். உணவு உண்டவுடன் பெருங்குடல் அசைவது உடலின் இயல்பு. எனவே எழுந்து வெந்நீரோ சிற்றுண்டியோ கொண்டபின் அவசரமின்றி அமர்ந்து பழகுங்கள். இரவுப்பணி செய்வோர் தாம் உறங்கி எழும் நேரத்தையே காலையாகக் கொள்ளலாம். மேற்கத்தியக் கழிப்பறையாயின் காலடியில் ஒரு சிறு மணையை வைத்துக்கொண்டால் குந்தும் நிலை கிடைக்கும்.

உணவு: இந்த மண்ணின் உணவே இதற்கு ஏற்றது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவே. களியும் அவரைக்காய்க் குழம்பும் உண்டு காட்டில் வேலை செய்த தலைமுறைக்கு மலச்சிக்கல் ஏன் குறைவாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்று பலர் மூன்று வேளையும் அரிசியும், இடையில் பரோட்டாவும் தேநீரும் உண்கின்றனர். களியோ கேழ்வரகு ரொட்டியோ ஒருவேளையாவது மீண்டும் வரட்டும். கீரை, அவரை, கொள்ளு, கொய்யா ஆகியன சேரட்டும். நார்ச்சத்தை மெல்லக் கூட்டுங்கள். போதிய நீர் அருந்தாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்பும். சிறுநீரக, இதய நோயாளர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோர்: வெண்ணெய் எடுத்த மோரைக் குடல் நோய்களுக்கும் மூலத்துக்கும் ஆயுர்வேதம் மிகவும் புகழ்கிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் மோர் ஒத்துக்கொள்கிறது. உப்புக் கட்டுப்பாடு உள்ளோர் உப்பின்றி அருந்தலாம்.

திரிபலை: கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் நம் காடுகளில் விளைபவை. திரிபலைச் சூரணம் மென்மையான மலமிளக்கி. பதிவு பெற்ற மருத்துவர் சொன்ன அளவில் சில வாரங்கள் உண்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆயினும் நீரிழிவு மாத்திரையோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ உண்போர் எங்களிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

கழிச்சல் மிகுந்துவிட்டால்

எக்காரணத்தாலாவது வயிற்றுப்போக்கு மிகுந்தால் உணவை நிறுத்த வேண்டாம். சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுமையாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிதல், சிறுநீர் குறைதல், துவண்டு கிடத்தல் ஆகியவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

பின்வருவனவற்றுக்கு வீட்டு மருந்து எதையும் முயலாமல் மருத்துவரைப் பாருங்கள்:

• மலத்தில் இரத்தம், அல்லது தார்போன்ற கரிய மலம்
• காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை
• 45 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய மலச்சிக்கலோ கழிச்சலோ
• தொடர்ந்து வாந்தி, உணவு விழுங்கத் தடை
• உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுவலி

மலத்தில் இரத்தம் கண்டால் "உடம்புச் சூடு", "மூலம்" என்று தாமே முடிவு செய்து மாதக்கணக்கில் பேதி மருந்து உண்டு, பெருங்குடற் புற்றுநோய் முற்றிய நிலையில் வருவோர் உண்டு. தொடக்கத்திலேயே வந்திருந்தால் அறுவையோடு குணமாகியிருக்கக்கூடிய நோய் அது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மருத்துவமனைக்கு வரும்போது வீட்டில் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சூரணப் பொட்டலம், இலேகியப் புட்டி, எண்ணெய் எதுவாயினும் சரி. "டாக்டர் திட்டுவார்" என்று பலர் மறைக்கின்றனர். நாங்கள் திட்டமாட்டோம். தெரியாமல் போனால்தான் எங்களால் உதவ முடியாமல் போகும். பெரும்பாலான நேரங்களில் "இதை உண்ணலாம், இதை மட்டும் நிறுத்துங்கள்" என்பதே எங்கள் மறுமொழியாக இருக்கும்.

வீட்டில் பாட்டி விளக்கெண்ணெயை எடுக்கும்போது அவரோடு சண்டையிட வேண்டாம். அவர் அறிந்த கஞ்சியும் மோரும் சுக்குவெந்நீரும் களியும் நாங்களும் பரிந்துரைப்பவையே என்று சொல்லுங்கள். குழந்தைக்குப் பூச்சிமாத்திரை பள்ளியிலேயே கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டி எண்ணெய்ப் புட்டியைத் திரும்ப வைத்துவிடுவார் என்றே நம்புகிறோம்.